புகை அலாமுக்குக் கட்டிய பை

லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் வசிக்கிறேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய, ரப்பர் பூச்சிப் பொம்மைகள் செய்யும் பெட்டிதான் என் பொழுதுபோக்கு. உலோக அச்சில் பசையை ஊற்றி மின்தட்டில் சூடாக்கினால் சிலந்தி, பல்லி எல்லாம் வரும்.

ஒரு மத்தியானம் தட்டை அணைக்க மறந்து, மேலே போய்த் தூங்கிவிட்டேன். வேலையால் வந்த கணவர் உலுக்கி எழுப்பினார்.

"என்னப்பா, வீடெல்லாம் புகை! அலாம் அடிக்கேல்லையோ?"

கீழே சிலந்தியோடு மேசையும் கருகியிருந்தது. எனக்குப் பயமோ அழுகையோ வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். சில நாள் முன்பு மிளகாய் வறுத்தபோது, புகை அலாம் கத்தாதிருக்கக் கட்டிய ஷொப்பிங் பை அப்படியே இருந்தது.

"நான்தான் கட்டினனான்," என்றேன்.

அவர் கதிரையில் ஏறி அதை அவிழ்த்தார்.

இப்போது மிளகாய்த்தூளைக் கடையில் வாங்குகிறேன். ஞாயிறுதோறும் அலாமின் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்க்கிறேன். அது கத்தும்போதுதான், அன்று வராத நடுக்கம் வருகிறது.