முத்தாயி வைத்த காவல்

கிளியூரில் முத்தாயியின் வாய்க்கு அஞ்சாத ஆட்டுக்காரன் கிடையாது. சாமைக் கொல்லையில் ஓர் ஆடு வாய் வைத்துவிட்டால் போதும், ஆட்டை விட்டுவிட்டு அதை வளர்த்தவனையும் வாங்கிய சந்தையையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு மருமகளாக வந்த கண்ணாயி, முதல் ஒரு மாதம் களியைக்கூடச் சத்தமில்லாமல்தான் விழுங்கினாள். தாயில்லாமல் வளர்ந்த பெண். தன்னைப் பார்த்து அது நடுங்குகிறது என்று தெரிந்த அன்று முத்தாயிக்கு மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து அவளிடம் மட்டும் குரலை இறக்கிக்கொண்டாள். ஊருக்கு வழக்கம்போலத்தான்.

எண்பத்து மூன்றாம் வருடம் மலையே காய்ந்தது. ஊருக்குக் கீழே ஓடும் ஓடை, சித்திரை பிறப்பதற்குள் நின்றுபோனது. குழி தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பினார்கள் பெண்கள். ஒரு காலத்தில் பகலிலும் இருட்டிக்கிடந்த கரை அது. விறகுக்கென்று வெட்டி வெட்டி ஒண்டிக்கடைச் சந்தைக்குச் சுமந்தது நாமேதான் என்று எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. முத்தாயி சொன்னாள். குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "மரத்தையெல்லாம் நாமளே தின்னு போட்டு, தண்ணி எங்க தண்ணி எங்கன்னா அது எங்கிருந்து வரும்?"

அடுத்த மழைக்கு மரம் நடுவது என்று முடிவானது. பக்கத்து எஸ்டேட் நர்சரியில் வேலை பார்த்த லாசர், துரையிடம் கேட்டு மிஞ்சிய நாற்றுகளை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் நாவல், அத்தி, பலா என்று கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். ஊர்க்கவுண்டர் வேடியப்பனுக்கு இது புரியவில்லை.

"ஏனுங்க லாசரு, கூலி ஆரு தர்றாங்க?"

"கூலியெல்லாம் இல்லீங்க கவுண்டரே. நட்டு முடிச்சா முத்தாயக்கா ஊட்டுல களி உண்டுங்க. அது போதுமுங்க."

அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் பெண்கள் குழி வெட்டினார்கள், கண்ணாயி மண் அணைத்தாள். வாயே திறக்காத பெண் அங்கேதான் முதல்முதலாகச் சிரித்தது. முத்தாயி அதைப் பார்த்தும் பாராததுபோல இருந்துகொண்டாள். பார்த்தால் அது நிறுத்திவிடுமே.

ஆனால் கார்த்திகைக்குள் பாதி நாற்றை ஆடு மேய்ந்துவிட்டது. முள் வைத்துக் கட்டினார்கள். முள்ளை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். முத்தாயி தொண்டை கட்டும்வரை திட்டிப் பார்த்தாள். அவள் கொல்லைக்குப் போனதும் ஆடு வந்தது.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் அவள் ஓடைக்கு இறங்கினாள். வழவழப்பான கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, கரை நெடுக மூன்று இடத்தில் நட்டாள். மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு வாரம்தான். ஒருத்திக்குக் கனவில் சாமி வந்தது. இன்னொருத்திக்குக் காய்ச்சல் விட்டது. ஊர்க்கவுண்டரே வந்து தேங்காய் உடைத்தார். அதன்பிறகு ஆட்டுக்காரர்கள் ஓடையைக் கண்டாலே சுற்றிக்கொண்டு போனார்கள், செருப்புப் போட்டவர்கள் கழற்றிக் கையில் பிடித்தார்கள். அருவாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"ஆரு வெச்ச சாமிங்க்கா?" என்று லாசர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கோயிலுக்குப் போயி வாரதுக்குள்ள அதுவா வந்து உக்காந்துக்கிச்சு. பேசாம குழிய வெட்டுங்க," என்றாள் முத்தாயி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

ஒரு வருடம் ஓடியது. பிழைத்த கன்றுகள் இடுப்புயரம் வந்தன. அப்போதுதான் வேடியப்பன் ஊரைக் கூட்டிச் சொன்னார். சாமி குடியிருக்கிற இடம், மாதவிலக்காகித் தூரமான பொம்பளைகள் இனி அங்கே கால் வைக்கக்கூடாது. அந்த மூன்று நாளும் அவர்கள் பள்ளத்து ஊற்றுக்குத்தான் போகவேண்டும்.

பள்ளத்து ஊற்றுக்குப் பாறை வழியாக இறங்க வேண்டும். பாசி பிடித்த பாறை. ஊரே முத்தாயியின் வாயைப் பார்த்தது, இவள் சும்மா விடமாட்டாள் என்று. முத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு வருடம் போனால் கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாது, அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். கண்ணாயி தூரமாகும் நாட்களில் மாமியாரே பாதிப் பாறை இறங்கிக் குடத்தை வாங்கி ஏற்றிவிடுவாள்.

ஐப்பசியில் ஒருநாள் முத்தாயி ரேஷன் வாங்கப் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாயி தனியாக இறங்கி, வழுக்கி விழுந்து, கையை முறித்துக்கொண்டாள். மஞ்சக்குட்டையிலிருந்து வந்த ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மாவுக்கட்டோடு திரும்பி வந்த பெண், வீட்டுக்குப் பின்னால் விலக்குக் குடிசையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தது. முத்தாயி வாசலில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தெ, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"போன மாசம் எனக்குத் தெரியாமலே தூரமாயிருந்தேனுங்க. ஓடையில தண்ணி மொண்டுட்டு, அப்பறந்தான் பாத்தேன். அதுக்குத்தான் சாமி என்னயத் தள்ளி உட்ருச்சுங்களா?"

முத்தாயி கஞ்சியைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கையாலும் மஞ்சள் பூசி வைத்த கல், இந்தத் தாயில்லாப் பெண்ணின் நெஞ்சுக்குள் இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறது.  அவள் எழுந்து ஓடைக்கு நடந்தாள்.

மழை விட்டிருந்தது. தண்ணீர் மொள்ள வந்த பெண்கள் கரையில் நின்றார்கள், எதற்கோ வந்த வேடியப்பனும் நின்றார். முத்தாயி முதல் கல்லைப் பிடுங்கி ஓடையில் போட்டாள்.

"ஏய் முத்தாயி! பைத்தியமா புடிச்சிருக்குது? சாமிய..."

"சாமி இல்லீங்க கவுண்டரே. நாந்தான் வெச்சேனுங்க. ஆட்டுக்கு வெச்சது. எம் புள்ளைக்கு வெச்சதில்லீங்க."

இரண்டாவது கல்லையும் மூன்றாவது கல்லையும் தயங்கித் தயங்கித்தான் பிடுங்கினாள். வைத்தவள் அவளேயானாலும், இரண்டு வருடமாகப் போகவர அந்தக் கல்லைத் தொட்டு அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். பிறகு குடிசைக்குத் திரும்பிக் கண்ணாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "உன்னய எந்தச் சாமியும் தள்ளுல சாமி. தப்பு எம் மேலதான்." கண்ணாயி வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, கஞ்சி கேட்டுக் குடித்தாள்.

சாமி ஒன்றும் செய்யவில்லை. ஆடுதான் செய்தது. மூன்றாம் நாள் வந்து இரண்டு பலாக் கன்றை மொட்டையாக்கிவிட்டுப் போனது. "போனாப் போகுது, மரந்தானே," என்று லாசரிடம் சொன்னாள் முத்தாயி. சொல்லிவிட்டுக் கொல்லையில் தனியாக அழுதாள்.

அடுத்த மாதம் தூரமானபோது, கண்ணாயி குடிசையில் படுக்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, மறு கையில் ஒரு குச்சியோடு ஓடைக்கரையில் போய் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் கொல்லை வேலை கிடையாது, அடுப்பு வேலை கிடையாது. குடிசைச் சுவரைப் பார்ப்பதற்கு ஆட்டையாவது பார்க்கலாமே. அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். பிறகு இருவர், மூவர். ஊரில் எந்த நாளும் யாராவது ஒருத்தி தூரமாகத்தான் இருப்பாள், ஆகக் கரையில் எந்த நாளும் ஆள் இருந்தது. சாமிதான் போய்விட்டதே, வேடியப்பன் எதைச் சொல்லித் தடுப்பார்?

எண்பத்தெட்டு சித்திரையில் ஒருநாள் முத்தாயி மண்வெட்டியோடு அந்த வழியே வந்தாள். நாவல் தலைக்குமேல் நின்றது. நிழலில் கண்ணாயி மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தூரம் நின்னு மூணு வருசமாச்சு," என்றாள் முத்தாயி. "இருந்த காலத்துல உக்கார இப்படி ஒரு எடம் இல்லாமப் போச்சு பாரு."

"சும்மாவே வந்து உக்காருங்கத்தெ."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு முத்தாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். முறிந்து கூடிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து மெல்ல நீவினாள். கண்ணாயி பதறிப்போய்க் கையை இழுத்தாள்.

"அய்யோ அத்தெ, தொட்டுட்டீங்களே! தலைக்கு ஊத்தாம ஊட்டுக்குள்ள போவ முடியாதுங்க."

முத்தாயி கையை விடவில்லை.

"ஊத்திக்கறேன் சாமி. ஓடையிலதான் தண்ணி போவுதே."