மீன் செதிலோடு போன ஊசி

மூன்று வருடங்களுக்கு முன், மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இப்போதும் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது.

கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளை இல்லை. ஆய்வுகூடத்தில் கருவை உருவாக்கி வயிற்றில் வைக்கும் சிகிச்சை செய்துகொண்டேன். கரு தங்குவதற்கு ஒவ்வொரு நாளும் எண்ணெய் மருந்து ஒன்றைத் தசையில் ஏற்ற வேண்டும். கணவருக்குக் கொழும்பில் வேலை. தாதி ஒருவர் காட்டித் தந்தபடி தொடையின் வெளிப்பக்கத்தில் நானே போட்டுக்கொள்வேன். கை கழுவுவது, இடம் மாற்றிப் போடுவது எல்லாம் கவனமாகத்தான் செய்தேன். போட்ட ஊசியை என்ன செய்வது என்று அவர் சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை.

எனக்கிருந்த பயம் வேறு. விஷயம் தெரிந்தால் கண்ணூறு படும், ஊர் வாயும் சும்மா இராது. அதனால் ஊசியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மீன் செதிலோடு குப்பைப் பையில் கட்டிவிடுவேன். அந்த நாற்றத்தைக் கிளறி யார் பார்க்கப் போகிறார்கள் என்பது என் கெட்டித்தனம்.

ஒரு வியாழக்கிழமை காலை குப்பை வண்டி வந்தது. எங்கள் பையைத் தூக்கிய தொழிலாளி சட்டென்று கையை உதறினார். கையுறையைக் கழற்ற, விரல் நுனியில் இரத்தம். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு.

“தங்கச்சி, இதுக்குள்ளை ஊசி ஒண்டு கிடந்து குத்திப்போட்டுது. ஆற்றை ஊசி எண்டு தெரிஞ்சால் போதும். நான் சண்டைக்கு வரேல்லை.”

அடுத்த வீட்டு அக்காவும் தன் பையோடு பக்கத்தில் நின்றார். என் வாய் தானாகச் சொன்னது: “எங்கடை வீட்டிலை ஊசி போடுற ஆக்கள் இல்லை அண்ணை. றோட்டாலை போனவை ஆரும் போட்டிருப்பினம்.”

கட்டிய பைக்குள் றோட்டால் போனவர் எப்படிப் போடுவார்? அவருக்கும் விளங்கியிருக்கும். “சரி தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். என்னிடம் கேட்டுவிட்டு எங்கள் குழாயில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. என்ன நோய் வருமோ என்று அந்த மனிதர் மாதக்கணக்கில் பயந்து சாவார். பெண்சாதி பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போகவும் யோசிப்பார். என் அலுமாரிக்குள்ளோ, சிகிச்சைக்கு முன் இரத்தம் சோதித்து, எயிட்ஸ், ஈரல் அழற்சி எதுவும் இல்லை என்று தந்த தாள் இருக்கிறது. அதன் தலைப்பிலேயே பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை என்றும் இருக்கிறது. அதுதான் தடுத்தது. வெட்கங்கெட்ட எனக்கு முடிவெடுக்க அரை மணித்தியாலம் தேவைப்பட்டது. பிறகு தாளை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் போனேன்.

ஆஸ்பத்திரியில் மர வாங்கில் அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அழுதழுது மனைவியின் முகம் வீங்கியிருந்தது.

“அண்ணை, அது என்ரை ஊசிதான். பொய் சொல்லிப்போட்டன்.”

ஏச்சு விழும் என்றுதான் நின்றேன். டொக்டர் தாளைப் பார்த்தார், என்னிடமும் இரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும், பயப்பட ஒன்றுமில்லை, பிறகு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று அவரிடம் சொன்னார்.

“நீங்கள் வராமல் விட்டிருந்தால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?” என்று அவர் எனக்கே நன்றி சொன்னார். ஏசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. தாளின் தலைப்பை மனைவியும் பார்த்திருக்கிறார். என் கையைப் பிடித்து, “ஓட்டோவை மெதுவா விடச் சொல்லுங்கோ, தங்கச்சி” என்றார். அழுதுவிட்டேன்.

அதன்பின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு இறுக மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். அடுத்த வீட்டு அக்கா ஒருநாள் அந்தக் குப்பை வண்டி அண்ணையிடம், “அந்த ஊசி கடைசியிலை ஆற்றையாம்?” என்று துருவியது வாசல் படலைக்குள் நின்ற எனக்குக் கேட்டது. “அது முடிஞ்ச கதை அக்கா” என்று வண்டியில் ஏறிவிட்டார்.

கரு தங்கியது. மூன்று மாதம் முடிந்ததும், மாமியாருக்கும் முதல் அந்த அண்ணைக்குத்தான் சொன்னேன். இப்போது குப்பை வண்டிச் சத்தம் கேட்டால் என் மகள் படலைக்கு ஓடுகிறாள். அவர் அவளுக்குக் கை காட்டும்போதெல்லாம் என் கண் அந்த விரலுக்குத்தான் போகிறது. மகள் கிடைத்ததற்கு நன்றி சொல்லிக் கும்பிடும்போது, அந்த விரலுக்கு ஒன்றும் ஆகாமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.