கூரை வழியே வந்த சம்மதம்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்போம். நான் என் மகளுக்காக ஆசைக்கு உயர்த்திக் கட்டிய வீட்டின் அஸ்பெஸ்டஸ் கூரை ஒழுகியது. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும் காலையில்தான் அதை அடைக்க ஏறினேன்.

“தோணிக் கயித்த இடுப்பில கட்டிற்று ஏறுங்க. இல்லாட்டி ஏணியத் தரமாட்டன்” என்றாள் மனைவி. மறுநுனியைத் தென்னையில் அவளே இறுக்கிக் கட்டினாள்.

அவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். உள்ளே தேநீர் குடித்தபடி அவர்கள் பேசும் சத்தம் கேட்டு அவசரமாக இறங்கப் பார்த்தேன். மிதித்த தகடு உடைந்தது. அவர்களின் தலைக்கு மேலே கயிற்றில் தொங்கினேன்.

மாப்பிள்ளையின் தாய் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். “கயிறு கட்டித்தானே ஏறியிருக்கார். பொறுப்பான குடும்பம். எங்களுக்குச் சம்மதம்.”

இப்போது கூரையில் பலகை போட்டு, அதன்மேல்தான் கால் வைக்கிறேன். கயிறும் கட்டுகிறேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என் மருமகன்.