மெஷின் பெட்டிப் பலகையில் ஒரு கதவு

என் ஆடுகளில் ஒன்பதை நாய்கள் கடித்துக் கொன்றது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மாட்டுப் பாலை சொசைட்டியில் ஊற்றப் போய்விட்டு நான் திரும்பி வந்த அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொட்டகைக்குக் கதவு கிடையாது. பழைய கதவைக் கரையான் தின்று பல வருடம் ஆகிறது. அந்த இடத்தில் நான் சாத்திக் கட்டியிருந்த மூங்கில் படல் உள்பக்கமாக விழுந்து கிடந்தது. அதன் மேல் ஒரு சினை ஆடு. உயிரோடிருந்த பதினான்கும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தன.

மூலனூரை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் நான் தனியாகத்தான் இருந்தேன். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில், என் அண்ணனின் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவள். துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடித் தேடியே நாற்பது வயது தாண்டிவிட்டது. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்தவள் என்பதால், அண்ணன் காட்டும் இடத்தில் நிற்பதுதான் எனக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச காலம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா போன பிறகு தோட்டத்தில் பாதி என் பேருக்கு வந்தது. பத்திரம் கைக்கு வந்த மாதமே வேலையை விட்டுவிட்டு அங்கே குடி போனேன்.

செய்தி கேட்டு அண்ணன் அன்று மத்தியானமே காரில் வந்துவிட்டார். ஆடுகளைப் புதைத்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போதும் அம்மிணி. மிச்சத்த வித்துப்போட்டு ஊட்டுக்கு வந்துரு. உன்ற பங்குல ஒரு ஷெட்டப் போட்டா தையல் யூனிட் ஓட்டலாம். இந்தப் பக்கம் லேபர் நல்லாக் கெடைக்குது. நீயே சூப்பர்வைசரா இருந்துக்க.”

“இல்லீங்ணா. கதவு ஒண்ணு போட்டாப் போதுமுங்க.”

“கதவு போட்டா நாய் வராதா?”

“வருமுங்க. உள்ள வராது.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. பீஸில் டேமேஜ் இருக்கிறது, பார்சல் கட்ட வேண்டாம் என்று நான் சொன்னபோதெல்லாம் இப்படித்தான் சிரிப்பார். சரக்கு திரும்பி வந்த பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

மறுநாள் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். இரும்புக் கதவுக்குப் பட்டறைக்காரர் சொன்ன விலை எனக்குக் கட்டுபடியாகவில்லை. கொஞ்சம் குறைத்துக் கேட்டேன். “ஊட்டுல ஆம்பளைங்க ஆராச்சும் இருந்தா வரச்சொல்லுங்கக்கா, பேசிக்கலாம்” என்றார். அளவு எழுதிக் கொடுத்திருந்த சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். நானே செய்கிறேன் என்று முடிவு செய்தது அந்தப் பட்டறை வாசலில்தான். சுத்தியல் பிடிக்கத் தெரியுமா என்று யோசித்ததெல்லாம் அப்புறம்.

மரம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து நிட்டிங் மெஷின்கள் பெரிய மரப்பெட்டிகளில் வந்திருந்தன. பெட்டிகளைப் பிரித்துப் பின்பக்கம் போட்டிருந்தார்கள். கேண்டீன் அடுப்புக்குப் போகிற பலகைகள். கேட்டேன்.

“அதுல கதவா?” என்றார் அண்ணன். பிறகு, “எடுத்துட்டுப் போ. நாலு நாள்ல நீயே போன் பண்ணி வர்றேம்பே” என்றார்.

நல்ல பலகையாகப் பொறுக்கி, வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வேப்பமர நிழலில் மூன்று நாள் வேலை. அளவெடுக்க என்னிடம் இருந்தது துணி அளக்கும் இன்ச் டேப். பலகைகளை நெடுக்கில் வரிசையாக அடுக்கி, குறுக்கே மூன்று சட்டம் வைத்து, இரண்டின் கனத்தையும் தாண்டி முனை வெளியே வருகிற நீள ஆணியாக அடித்தேன். வெளியே வந்த முனையை மடக்கி மரத்துக்குள் இறங்கும்படி மறுபடி அடித்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. கதவு ஆடாமல் இருக்க மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கட்டையும் கொடுத்தேன். தூக்கி மாட்டுவதற்குப் பக்கத்து முருங்கைத் தோப்புக்கார அக்கா கை கொடுத்தார்.

“ஒரு ஆசாரியக் கூப்புட்டிருக்கலாமல்ல சாமி” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

“நின்னுருச்சல்லங்க்கா” என்றேன்.

நிற்கவில்லை. இரண்டாம் நாளே கீல் இல்லாத பக்கம் தொங்கி, தரையில் உரச ஆரம்பித்தது. நாலாம் நாள் திறக்கவே முடியவில்லை. அண்ணன் சொன்ன அதே நாலு நாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கதவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் துணி ரோல் வைக்கிற தட்டு ஞாபகம் வந்தது. சுவரில் கீழே ஊன்றி, சாய்வாக மேலே போய்த் தட்டின் வெளி ஓரத்தைத் தாங்கும் அந்த இரும்பு. பதினெட்டு வருடம் அதன் கீழேதான் நின்றிருக்கிறேன். நான் கட்டையைத் தலைகீழாகக் கொடுத்திருந்தேன். கீல் பக்கம் அடியில் ஊன்றி, மறுபக்கம் மேல்மூலைக்குப் போயிருக்க வேண்டும்.

கதவைக் கழற்றினேன். மடக்கி அடித்த ஆணியைப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கடப்பாரை வைத்து நெம்புகிற எனக்கே வராதது, நாய்க்கு வருமா?

இந்த முறை கட்டை சரியாக உட்கார்ந்தது. அடியில் பல் படாமலிருக்க, காங்கேயத்திலிருந்து வந்த காலி எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டி, வெளிப்பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தகரம் அடித்தேன். மண்ணைத் தோண்டி உள்ளே நுழையாமலிருக்க வாசலுக்குக் குறுக்கே ஒரு நீளக் கல்லைப் புதைத்தேன். கரையானுக்காகக் கழிவு ஆயில் இரண்டு கை பூசினேன். அழகான கதவு அல்ல. பலகைகளில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் அங்கங்கே குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன.

பத்து நாள் கழித்து, தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், உள்ளே உட்கார்ந்து ஓர் ஆட்டின் குளம்புப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தாழிட்டிருந்தேன். ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. அப்புறம் தகரத்தில் நகம் கீறுகிற சத்தம். ஒன்று பாய்ந்து மோதியது. கூடவே இன்னொன்று. அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன்.

“என்ன சத்தம் அது?”

“நாய்ங்கண்ணா. அஞ்சாறு இருக்கும்.”

“நீ எங்க இருக்கறே?”

“உள்ளதானுங்க. ஆட்டுங்களோட.”

“கதவு?”

“நிக்குதுங்க.”

“நான் கெளம்பி வரட்டா?”

“வேண்டாமுங்ணா.”

பயமாக இல்லை என்று சொன்னால் பொய். முதுகைக் கதவில் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மோதலும் பலகை வழியாக என் முதுகில் இறங்கியது. ஆனால் பலகை அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவை போய்விட்டன. நான் உடனே வெளியே வரவில்லை. குளம்புக்கு மருந்து போட்டு முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார், ஷெட்டுக்காக நிலத்தை அளக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு. வாசற்படியில் நின்றே சொன்னேன்: “உங்க பாதிய அளந்துக்குங்க. என்ற பாதில கால் வைக்க வேண்டாமுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” அண்ணனிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அந்த ஆள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் கொட்டகைப் பக்கம் போனார். கதவை ஒரு முறை தோளால் முட்டிப் பார்த்தார். பிறகு காலால். நான் தடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யூனிட் பேச்சை அவர் இன்னும் விடவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வேன், இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொல்வேன். ஆடு இப்போது முப்பத்தொன்று இருக்கிறது.