கரைச்சல் என்றால் என்ன?

போன குளிர்காலத்தில் லண்டனில், ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. நோயாளி சொல்வதை டாக்டருக்கு ஆங்கிலத்திலும், டாக்டர் சொல்வதை நோயாளிக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை. காலையிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி அலைந்து, அடுத்தவர் வலியை என் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன்.

அறையில் இருந்தவர் இலங்கைப் பெண், நாற்பது வயதிருக்கும். நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததுமே, "நீங்கள் எந்த ஊர் அக்கா?" என்றார்.

"மதுரைங்க. உங்க பேச்சு சிலது எனக்குப் புரியாமப் போகலாம், தப்பா எடுத்துக்காதீங்க."

"அதுதான் நல்லது" என்றார். போன முறை மொழிபெயர்க்க வந்த பெண் இவருக்குப் பக்கத்து ஊராம். அவர் முன்னால் சொல்லக் கூசி, வெறும் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வந்துவிட்டாராம்.

எப்போதிலிருந்து இந்தத் தொல்லை என்று டாக்டரம்மா கேட்டார்.

"சண்டை முடிஞ்ச நேரம். முகாமிலை வைச்சுக் கரைச்சல் குடுத்தவங்கள்."

கரைச்சல் என்றால் தொந்தரவு. இலங்கைத் தமிழர் நிறைந்த ரெய்னர்ஸ் லேன் கடைகளில் அன்றாடம் காதில் விழும் சொல், அங்கே பார்க்கிங் கிடைக்காததும் கரைச்சல்தான். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார், நானும் சீக்கிரம் வீடு திரும்பியிருப்பேன். மனசு ஒப்பவில்லை. டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, "என்ன கரைச்சல்னு சொல்ல முடியுமாங்க? கஷ்டமா இருந்தா வேணாம்" என்றேன்.

முகாமில் சிப்பாய்கள் தன் உடம்பை என்ன செய்தார்கள் என்று சொன்னார், எதையும் மறைக்காமல். அன்றிலிருந்து சிறுநீரை அடக்க முடிவதில்லை. அங்கே ஆஸ்பத்திரி இருந்தது. வாசலில் துப்பாக்கியோடு காவல், உள்ளே நர்ஸ் சொந்தக்காரி. எப்படிப் போவது? நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். 'நான்', 'என்னை' என்று நோயாளியே பேசுவதுபோல நாங்கள் பேச வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி.

பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னார், உள்காயம் சரியாக ஆறவில்லை, ஆபரேஷன் செய்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று. கேட்டு அவர் சிரிப்பார் அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"இதை அப்பவே செய்திருக்க ஏலுமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ அக்கா."

கேட்டேன். டாக்டர், முடிந்திருக்கும் என்றார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்" என்றேன், ஆமாம் என்பதை அவர் ஊரில் சொல்லும் விதத்திலேயே.

இவ்வளவு காலம் அவர் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது வீண் என்று அவரிடம் சொன்ன வாய் என்னுடையது என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு ஆறவில்லை.