வலிக்கு முந்திய மாத்திரை

மெஷின் சத்தம் போடுவதற்கு முன்பே கிரீஸ் வைத்துவிட வேண்டும். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் எனக்கு அதுதான் முதல் பாடம். அந்தப் புத்தியை வீட்டிலும் காட்டினேன்.

என் மனைவிக்குப் பேரிகைப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை. நாள் முழுக்க நின்றபடி பூ வெட்ட வேண்டும். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. மருந்துக்கடையில் வலி மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி வந்து, தினமும் காலையில் வலி வருவதற்கு முன்பே ஒன்று கொடுத்தேன். வேண்டாம் என்பாள், விடமாட்டேன். எட்டு மாதம் இப்படியே போனது. பெண்டாட்டியை நன்றாகக் கவனிக்கிறேன் என்று பெருமை வேறு. இப்போது சொல்லவே கூசுகிறது.

ஒரு நாள் அவள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. முகமும் ஊதியிருந்தது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இரண்டு கிட்னியும் ரொம்பவே தளர்ந்துவிட்டன, இப்படியே போனால் டயாலிசிஸ்தான் என்றார்.

நர்சுகளும் மற்ற நோயாளிகளும் சுற்றி நிற்க, என்னென்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று அவளைக் கேட்டார். எப்போதாவது தலைவலிக்கு ஒன்று, தானே வாங்கிப் போட்டதாகச் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரம்மாவின் சந்தேகம் ரோஜாவுக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் மேல் போனது. அதைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தினமும் ஒண்ணு நான்தாங்க மேடம் குடுத்தேன். எட்டு மாசமா.”

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையில் வீங்கிக் கெடுவது கிட்னிதான் என்று விளக்கினார். எங்கள் கம்பெனியில் ஒருமுறை லேசாகப் புகைந்த மோட்டார் மேல் ஆளாளுக்குத் தண்ணீரை ஊற்றி, மொத்த மெஷினையும் நாசமாக்கியது நினைவுக்கு வந்தது.

கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்ததில் அவர் சொன்னதே உறுதியானது. வலி மாத்திரையை நிறுத்தி, வீக்கம் வடிய வேறு மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் கால் வடிந்தது. டயாலிசிஸ் வேண்டியதில்லை, ஆனால் போனதில் கொஞ்சம் திரும்பி வராது என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும், முதல் நாள் டாக்டரம்மாவிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“அத்தன பேருக்கு முன்னால உங்கள யாராச்சும் திட்டினா எனக்குத் தாங்காதுங்க” என்றாள்.

அதற்காகக் கிட்னியைக் கொடுப்பாளாம். எனக்குக் கோபம்தான் வந்தது. கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“இனிமே வலிச்சா நானே சொல்றேன். அதுவரைக்கும் சும்மா பக்கத்துல இருங்க, போதும்.”