ஆளுக்கொரு கத்தி

சிலமலையில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே இருந்த களத்தில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டை வெட்டும் மிஷின் ஒன்று நின்றது. ஏறக்குறைய என் உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம், அதில் எதிரெதிராக முடுக்கிய இரண்டு கத்திகள், பெல்ட் போட்டுச் சுற்ற ஒரு மோட்டார். இந்தப் பக்கம் தட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் துண்டு துண்டாகக் கொட்டும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வயல், மாடு, அண்டா குண்டா எல்லாவற்றையும் பிரித்தார்கள். இதை மட்டும் பிரிக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் லேசில் விடுவார்களா? ஆளுக்கொரு கத்தி என்று பேசி முடித்தார்கள். அவரவர் கத்தியை அவரவர் தீட்ட வேண்டும், தேய்ந்தால் அவரவர் மாற்ற வேண்டும். ஸ்பேனர் பெரியப்பா பங்கு, எண்ணெய்க் குப்பி எங்கள் பங்கு. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கை, ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். அவர்களும் பேசக்கூடாது என்பது பெரியப்பா போட்ட சட்டம். தட்டை வெட்டுவதற்கு மட்டும் விலக்கு. ஒருத்தி கொடுக்க, ஒருத்தி அள்ள, அதற்கு இரண்டு ஆள் வேண்டும். விடியற்காலையில் அவர்கள் வெட்டுவார்கள், பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மிஷின் போடும் இரைச்சலில் அவர் இருமுவதுகூட எங்களுக்குக் கேட்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புருஷனின் அண்ணன் என்ற மரியாதையால் அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். பத்தடி தூரத்தில் நின்றாலும் என் மூலமாகத்தான் பேச்சு. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊர்த் தபால்காரருக்குக்கூட அவ்வளவு சோலி இருந்திருக்காது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷினைத் துடைத்து, என்னை அனுப்பி ஸ்பேனரை இரவல் வாங்கி, பெல்ட்டை இறுக்கி, எங்கள் கத்தியைக் கழற்றிப் புதிது மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு அப்பா ஏலக்காய் எடுப்புக்காகப் போடிமெட்டுக்கு ஜீப்பேறிப் போனார். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் மிஷின் சாமி வந்ததுபோல் ஆடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. பெரியம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

பெரியப்பா கட்டிலைவிட்டு எழுந்து என்னிடம் வந்தார். "ஆத்தா, உங்கம்மாகிட்ட சொல்லு. இது ஒருநா ஆள முழுங்காம விடாது. வெள்ளிக்கெழம ராசிங்காபுரத்துத் தரகன் வர்றான். இதத் தூக்கிக் குடுத்துட்டு, நடுவுல சொவர எழுப்பிருவோம்."

சுவருக்கு வேண்டிய செங்கல் அடுக்கி வெகுநாளாகியிருந்தது. மிஷின் நடுவில் நின்றதால்தான் சுவர் எழும்பாமல் கிடந்தது. அம்மா செங்கல்லைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுக்கச் சொல்லு. என்னன்னு நான் பாக்குறேன்" என்றாள்.

"பொம்பளயா பாக்கப்போறா?" என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கு நான் பதில் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த ஓய்வு.

என் அம்மாவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டால் அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாது. பெரியப்பா வயலுக்குப் போனதும் ஒரு செம்பில் தளும்பத் தண்ணீர் எடுத்து வந்தாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, அதன் பக்கத்தில் செம்பை வைத்தாள். தண்ணீர் அசையவில்லை. மோட்டார்மேல் குற்றமில்லை. பெல்ட்டை மாட்டி ஓட்டினாள். செம்பு குதித்துக் கீழே விழுந்தது. அடிப்போல்ட்டை முடுக்க ஸ்பேனர் வேண்டும், அதுவோ அவர்கள் பங்கு. பெரியம்மா தவிட்டுக் கூடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். போல்ட்டுகளை முடுக்கிப் பார்த்தார்கள், ஆட்டம் நிற்கவில்லை. அச்சைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள், அது உரல் மாதிரி உறுதியாக இருந்தது.

"கண்ணுபட்டிருக்கும்டி, பூசணிக்கா ஒடைப்போம்" என்றாள் பெரியம்மா.

"ஒடைப்போம்க்கா. மொதல்ல இதப் பாத்துட்டு ஒடைப்போம்" என்றாள் அம்மா.

அடுத்த நாள் பெல்ட்டை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். அது மெல்லச் சுழன்று, கொஞ்சம் பின்னுக்கு வந்து நின்றது. சக்கரத்தில் கீழே வந்து நின்ற இடத்தில் என் சாக்பீஸை வாங்கிக் கோடு போட்டாள். மறுபடி சுற்றினாள். கோடு மறுபடி கீழேதான் வந்து நின்றது. எத்தனை முறை சுற்றினாலும் அதே இடம். அங்கே இருந்தது எங்கள் புதுக் கத்தி.

"சக்கரமே அந்தப் பக்கம் கனமோ என்னமோ" என்று பெரியம்மா இழுத்தாள். அம்மா யோசித்தாள். இரண்டு கத்திகளையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். பெரியப்பா கத்தியைத் தொடுவது சட்டப்படி பெரிய குற்றம். பெரியம்மா வாசலுக்குப் போய்க் காவல் நின்றாள். இப்போது சுற்றினால் கோடு மேலே போய் நின்றது. இடத்தை மாற்றியும் எங்கள் கத்திதான் கீழே. சக்கரம் தப்பித்தது. ஏலக்காய் நிறுக்கும் தராசை எடுத்து வந்து தட்டுக்கு ஒரு கத்தி வைத்தாள். எங்கள் தட்டு தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. பெரியப்பா வருஷக்கணக்காகத் தீட்டித் தீட்டி, தன் கத்தியைப் பாதியாக்கி வைத்திருந்தார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பெரியப்பா கத்திதான் மோசம்! புதுசு வாங்கச் சொல்லட்டுமாம்மா?" என்று கிளம்பினேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"சொன்னா வாங்குவாரு. வாங்குன கையோட, ரோசத்துல மிஷினத் தள்ளிட்டுச் சொவரையும் கட்டிருவாரு. வாய மூடிக்கிட்டு இரு."

வியாழக்கிழமை பெரியப்பா வரப்புத் தகராறு பேச வெளியூர் போயிருந்தார். இரண்டு கத்திகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போடிக்குப் பஸ்சேறினாள். சாணை பிடிக்கும் பட்டறையில் புதுக் கத்தியை நீட்டி, பழையது அளவுக்குத் தேய்த்துத் தரச் சொன்னாள். பட்டறைக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான எதுக்கு தாயி நாசம் பண்ணச் சொல்றீக?"

"நாசமில்லண்ணே, சோடி சேக்குறேன். வெரசா தேச்சுக் குடுங்க, பஸ்சு போயிரும்."

பொறி பறக்க எங்கள் புதுக் கத்தி தேய்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா வாங்கி, குங்குமம் வைத்த கத்தி. பஸ்ஸில் அம்மாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவளும் சமாதானம் செய்யவில்லை, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை தரகர் வந்தார். பெரியப்பா கட்டிலில் கால் மேல் கால் போட்டிருந்தார். அம்மா செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து மிஷினின் சட்டத்தின் மேல் வைத்தாள். பெரியம்மா சுவிட்சைப் போட்டாள். சக்கரம் இரைந்து சுற்றியது. தண்ணீரில் மெல்லிய சுருக்கம் விழுந்ததே தவிர ஒரு சொட்டும் சிந்தவில்லை.

தரகர் செம்பைப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவிடம் திரும்பினார். "நல்லாத்தான ஓடுது. எதுக்கு விக்கிறீக?"

"யாருப்பா விக்கிறது? ஓட்டத்தப் பாக்கத்தான வரச் சொன்னேன்" என்றார் பெரியப்பா, கொஞ்சமும் கூசாமல். எழுந்து மிஷினைச் சுற்றி வந்தார். "பாத்தியா ஆத்தா, நம்ம கத்தி பழசுன்னாலும் கெட்டி. அதுதான் மிஷினப் பிடிச்சு நிறுத்துது. உங்கம்மாகிட்ட கேளு."

நான் அம்மாவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "ஆமான்னு சொல்லு" என்றாள்.

"ஆமாவாம்" என்றேன். அதைவிடக் கசப்பான தபாலை நான் அதுவரை கொண்டுபோனதில்லை. அம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். பிடிவாதக்காரி, கண்டுபிடித்த கெட்டிக்காரி, கடைசியில் கையில் இருந்ததையும் தேய்த்துக் கொடுத்துவிட்டு ஆமாம் போடுகிறாளே என்று பொருமினேன். அந்தச் செங்கல்லைக் கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குத் தரை போட்டார்கள் என்பதுகூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் மிஷின் பழையபடி ஓடியது. இரண்டு வீட்டு மாட்டுக்கும் சேர்த்தே கொஞ்ச நேரத்து வேலைதான். ஆனால் நான் பல் விளக்கி, குளித்து, சடை பின்னிக்கொண்டு வரும்போதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டை தீர்ந்து வெகுநேரமாகியிருக்கும். அம்மாவும் பெரியம்மாவும் மிஷினை ஒட்டி, தலையோடு தலை சேர்த்துக் குனிந்து நிற்பார்கள். சில நாள் பெரியம்மாவின் தோள் குலுங்கும். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் இருந்த பெரியப்பாவுக்கும் தெரியாது.

"தட்டதான் முடிஞ்சிருச்சே, இன்னும் ஏம்மா ஓடுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெட்டுன சூடு ஆற வேண்டாமா? சும்மா கொஞ்ச நேரம் ஓடணும்" என்றாள் அம்மா.

பெரியப்பா கேட்டதற்கும் அதையே போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேலை முடிந்த பிறகு மிஷினைச் சும்மா ஓடவிட்டால்தான் சூடு ஆறும் என்று பள்ளிக்கூடத்திலும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.